செவிக்கடன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேறு வேலை இல்லாத குறைக்கு, என் கைபேசியில் கேட்கப்படாமல் கிடக்கும் பாட்காஸ்டுகளை எண்ணிப் பார்த்தேன். (வலையொலி என்ற நல்ல சொல் இப்போது புழங்குகிறது. நான் சேர்த்து வைத்திருப்பவை பெரும்பாலும் ஆங்கில நிகழ்ச்சிகள் என்பதாலோ என்னவோ, பழைய பெயரே நாவில் நிற்கிறது.) மொத்தம் 412 பகுதிகள். ஒன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 20,600 நிமிடம். 343 மணி நேரத்துக்குச் சற்று மேல். நான் கேட்பது பேருந்தில் மட்டும்தான். அலுவலகம் போகவும் வரவுமாக நாளொன்றுக்கு 70 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், ஆக 350 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஐம்பத்தொன்பது வாரம். ஓராண்டும் சில வாரங்களும். மோசமில்லை என்று தோன்றியது.

அந்த நிம்மதி ஒரு காப்பி ஆறும் நேரம்கூட நீடிக்கவில்லை. நான் சந்தா செய்திருக்கும் எட்டு நிகழ்ச்சிகளும் வாரம் ஒரு பகுதியை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன என்பது பிறகுதான் உறைத்தது. எட்டு ஐம்பது நானூறு. வரவு 400 நிமிடம், செலவு 350. ஐம்பத்தொன்பது வாரம் கழித்து என் பாக்கி தீர்ந்திருக்காது. மேலும் 49 மணி நேரம் கூடியிருக்கும். ஒருபோதும் முடியாத ஒன்றுக்குத்தான் நான் முடிவுநாள் குறித்துக்கொண்டிருந்தேன்.

இதை வேடிக்கையாக ஒரு நண்பரிடம் சொன்னேன். கல்லூரியில் வரலாறு கற்பிப்பவர். சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். அவருடைய கைபேசி திரையில் உள்ளதை அவருக்குப் படித்துச் சொல்லும். அதைப் பக்கத்தில் இருந்து கேட்டால், தகரக் கூரையில் மழை விழுவது போலிருக்கும். ஒரு சொல்கூட எனக்குப் பிடிபட்டதில்லை. அவர் என் கணக்கை முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீங்கள் இந்தக் கணக்கை இப்போதுதான் போடுகிறீர்கள். நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிட்டோம்" என்றார்.

அந்தப் பதில் என்னைச் சில வாரங்கள் அலைக்கழித்தது. கேட்பதற்கு ஆகும் நேரத்தை அளந்தவர்கள் யார், அதைக் குறைக்க முயன்றவர்கள் யார் என்று தேடிப் படித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

*

படிக்காத புத்தகங்களின் பாக்கி எல்லோருக்கும் உண்டு. புத்தகக் கண்காட்சியில் அள்ளிக்கொண்டு வந்தவை அலமாரியிலிருந்து நம்மை முறைத்துப் பார்ப்பதும் பழகிப்போன ஒன்று. ஆனால் புத்தகம் ஒரு சலுகை தருகிறது. பொருளடக்கத்தைப் பார்க்கலாம், நடுவில் திறக்கலாம், சலிப்பூட்டும் பத்தியைத் தாவலாம், ஒரு மணி நேரத்தில் ஒரு நூலின் போக்கை ஏறத்தாழ அறிந்துகொண்டு அதைத் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிடலாம். கண் தாவும். காதால் தாவ முடியாது. சொல்பவர் எந்த வேகத்தில் சொல்கிறாரோ அந்த வேகத்துக்குக் காது கட்டுப்பட்டது. அடுத்த நிமிடத்தில் என்ன இருக்கிறது என்பதை அந்த நிமிடம் வந்தால்தான் அறியலாம்.

அப்படியானால் வானொலிக் காலத்தில் இந்தப் பாக்கி ஏன் இல்லை? காரணம் எளியது. வானொலி காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் தவறிப்போனால் போனதுதான். அதை யாரும் நிலுவையில் எழுதி வைக்கவில்லை. ஒலியையும் படத்தையும் பிடித்து வைத்துப் பிறகு அனுபவிப்பது வீட்டுக்குள் பரவலானது நாடாக்கருவிகள் வந்த பிறகு. சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் வீடியோ கருவியைக் கொண்டுவந்தபோது ஹாலிவுட் நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1984 ஜனவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்துவைத்துப் பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. நேரத்தை இடம் மாற்றி வைப்பது என்ற பொருள்படும் சொல் அந்த வழக்கில் அடிபட்டது. மாற்றி வைத்த நேரத்தைத் திரும்ப எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் இல்லை. அது பார்ப்பவரின் பாடு.

பாட்காஸ்ட் இதையும் தாண்டியது. வீடியோ கருவியில் பதிவதற்கு நாம் ஒரு பொத்தானையாவது அழுத்த வேண்டும். பாட்காஸ்டின் அடிப்படை யோசனையோ, நாம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது. 2000ஆம் ஆண்டு வாக்கில் இணைய இணைப்புகள் மெதுவாக இருந்தன. ஒரு பெரிய ஒலிக்கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு அது இறங்கும்வரை உட்கார்ந்திருப்பது பொறுமையைச் சோதித்தது. எம்.டி.வி. தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி, கோப்பு இரவிலேயே தானாக இறங்கி இருந்தால் காலையில் காத்திருக்க வேண்டியதில்லையே என்று நினைத்தார். மென்பொருளாளர் டேவ் வைனர் 2000 டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். ஓடை வடிவத்தில் ஒலிக்கோப்பை இணைத்து அனுப்ப வழி செய்தார். 2004 பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி கார்டியன் இதழில் எழுதிய கட்டுரையில் 'பாட்காஸ்டிங்' என்ற சொல் முதன்முதலாக அச்சேறியது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் மூவாயிரம் நிகழ்ச்சிகளோடு இதைச் சேர்த்தபோது, இரண்டே நாளில் பத்து லட்சம் சந்தாக்கள் குவிந்தன.

ஆக, கேட்பவர் கேட்காமலே வந்து சேர்வதுதான் இதன் பிறவிக்குணம். நிலுவை என்பது பின்னாளில் ஒட்டிக்கொண்ட நோயென்று சொல்ல வழியில்லை, கருவிலேயே இருந்தது. ஆப்பிளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஐட்யூன்ஸில், இறங்கிய பகுதிகளைக் கேட்காமல் சில நாள் விட்டுவிட்டால், 'நீங்கள் இதைக் கேட்பதாகத் தெரியவில்லை, அதனால் நிறுத்தி வைத்திருக்கிறோம், தொடரலாமா?' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். அந்த நாட்களில் எனக்கு அது பள்ளி ஆசிரியரின் குரலில் கேட்கும். உடனே 'தொடரலாம்' என்று அழுத்திவிடுவேன். கேட்க மட்டும் மாட்டேன்.

*

ஒலியைப் பிடித்து வைத்துத் திரும்ப ஒலிக்கச் செய்த முதல் மனிதருக்கே இந்தச் சிக்கல் கண்ணில் படவில்லை. எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு 'நார்த் அமெரிக்கன் ரிவ்யூ' இதழில் அதன் எதிர்காலம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடிதம் சொல்லி எழுதுவது, பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்கள், இறக்கும் தறுவாயில் உள்ளோரின் கடைசிச் சொற்களைப் பாதுகாப்பது, நேரத்தை வாயால் சொல்லும் கடிகாரம் என்று பட்டியல் நீள்கிறது. பத்து அங்குலச் சதுரமுள்ள ஓர் உலோகத் தகட்டில் 40,000 சொற்கள் கொண்ட புத்தகத்தை அடக்கிவிடலாம் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அன்றைய தகரத்தாள் உருளையில் ஒன்றிரண்டு நிமிடம் பதிவதே பெரிய காரியம் என்பதை நினைத்தால் இது எத்தகைய துணிச்சல் என்பது விளங்கும்.

தகட்டின் பரப்பு சரி. நிமிடத்துக்கு 150 சொல் என்று நிதானமாக வாசித்தால் அந்தத் தகட்டைக் கேட்டு முடிக்க ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கு அரை நூற்றாண்டு கழித்து வேறு சிலரின் தலையில் விழுந்தது.

1931இல் அமெரிக்க நாடாளுமன்றம் பிராட்-ஸ்மூட் சட்டத்தை நிறைவேற்றி, பார்வையற்ற பெரியவர்களுக்கான நூல்களுக்கென்று காங்கிரஸ் நூலகத்துக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் டாலர் ஒதுக்கியது. முதலில் பிரெய்ல் நூல்களே மனத்தில் இருந்தன. ஆனால் நடுவயதில் பார்வை இழந்தவர்களின் விரல்களுக்குப் பிரெய்ல் எளிதில் படியவில்லை. பார்வையற்றோருக்கான அமெரிக்க அறக்கட்டளையை நடத்திவந்த ராபர்ட் இர்வின், அவரும் பார்வையற்றவரே, இசைத்தட்டின் பக்கம் திரும்பினார். அன்று கடைகளில் கிடைத்த தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்று மூன்று நான்கு நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஒரு நாவலுக்கு நூற்றுக்கும் மேல் தட்டுகள் வேண்டியிருக்கும். எனவே நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே கால் முறைக்குச் சற்றுக் கூடுதலாகச் சுழலும், நெருக்கமான வரிப்பள்ளம் கொண்ட தட்டுகளை உருவாக்கினார்கள். ஒரு பக்கம் சுமார் பதினைந்து நிமிடம் ஓடியது. 1934இல் முதல் பேசும் புத்தகங்கள் அஞ்சலில் புறப்பட்டன. இங்கிலாந்தில் மறு ஆண்டு இதே பணி தொடங்கியது. முதல் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் அமைப்பின் தலைவரான இயன் ஃபிரேசர் அதற்கு முன்னின்றார். 1916இல் சோம் போர்க்களத்தில் குண்டடிபட்டுப் பார்வை இழந்தவர் அவர். அங்கே முதலில் வெளியானவற்றுள் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலொன்றும் ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்' கதையும் இருந்தன.

இசை ரசிகர்கள் கொண்டாடும் எல்.பி. தட்டு 1948இல்தான் கடைக்கு வந்தது. அதற்குப் பதினான்கு ஆண்டு முன்பே பார்வையற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை எந்த இசைத்தட்டுக் கடையிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பத்து மணி நேர நாவலென்றால் இருபது தட்டு. அன்று நிலுவை என்பது கையில் தூக்கிப் பார்க்கக்கூடிய ஒன்றாக இருந்தது. தபால்காரர் கொண்டுவந்து இறக்கிய பெட்டியின் எடையிலிருந்தே அது எத்தனை மாலைப் பொழுதுகளை விழுங்கும் என்று அனுபவசாலிகள் சொல்லியிருப்பார்கள். என் 343 மணி நேரத்தை அந்தத் தட்டுகளாக மாற்றினால் 686 தட்டுகள் ஆகின்றன. என் வீட்டில் வைக்க இடமில்லை.

*

பார்வையுள்ள ஒருவர் மனத்துக்குள் வாசிக்கையில் நிமிடத்துக்கு இருநூற்றைம்பது சொல் அளவில் கடந்துவிடுகிறார். ஏட்டை வாய்விட்டு வாசித்துக் கேட்பவருக்கோ நூற்றைம்பது, மிஞ்சினால் நூற்றெழுபத்தைந்து. பொழுதுபோக்குக்குக் கேட்பவருக்கு இது பொருட்டல்ல. தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கு வேறு கதை. வகுப்புத் தோழன் இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் பாடத்துக்கு இவன் மூன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். ஒரு நாளில் எல்லோருக்கும் இருபத்து நான்கு மணி நேரந்தான்.

என் நண்பர் சொன்ன பள்ளிக்கூடக் கணக்கு இதுவே. அவர் காலத்தில் தன்னார்வலர்கள் பாடநூலை வாசித்துக் கேசட்டில் பதிந்து தருவார்கள். பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் அவரிடம் 64 கேசட்டுகள் இருந்தனவாம், ஒவ்வொன்றும் 90 நிமிடம். மொத்தம் 96 மணி நேரம். தேர்வுக்கு முன் கிடைத்த விடுப்பு பதினெட்டு நாள். ஒருமுறை கேட்டு முடிக்க நாளுக்கு ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருப்புதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவரிடம் இருந்த கருவியில் வேகத்தைக் கூட்டும் திருகு ஒன்று உண்டு. கூட்டினால் வாசிப்பவர் குரல் கீச்சென்று மேலேறும். "ஐரோப்பிய வரலாறு முழுவதையும் ஓர் அணில் சொல்லித்தான் நான் படித்தேன்" என்றார்.

அந்த அணில் குரலை மனிதக் குரலாகவே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் கூட்ட முடியுமா என்பதுதான் இந்த வரலாற்றின் நடுப்பகுதி. நாடாவோ தட்டோ இருமடங்கு வேகத்தில் ஓடினால் ஒலியின் அதிர்வெண்ணும் இருமடங்காகும். சுருதி ஒரு ஸ்தாயி ஏறிவிடும். இரண்டையும் பிரிக்க வேண்டும். வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1950இல் ஜார்ஜ் மில்லர், ஜே.சி.ஆர். லிக்லைடர் என்ற இரு உளவியலாளர்கள் பேச்சொலியை நொடிக்குப் பலமுறை துண்டித்துத் துண்டித்து ஒலிக்கவிட்டுச் சோதித்தார்கள். துண்டிப்பு போதுமான விரைவில் நடந்தால், பேச்சில் பாதி இல்லாமலே போனாலும் கேட்பவர் பெரும்பாலான சொற்களைப் புரிந்துகொண்டார். (இந்த லிக்லைடர்தான் பின்னாளில் இணையத்தின் முன்னோடியான வலைத்திட்டத்துக்கு வித்திட்டவர். என் கைபேசிக்குள் குவிந்துகிடக்கும் பாக்கிக்கும் அதைத் தீர்க்கும் பொத்தானுக்கும் ஒரே மனிதரிடம் ஒரு நூல் போய் முடிவது விநோதம்.)

பாதி இல்லாவிட்டாலும் புரியுமென்றால், அந்த வெற்றிடத்தை எதற்கு விட்டுவைப்பது? 1953இல் வில்லியம் கார்வி ஒலிநாடாவைச் சிறு சிறு துண்டுகளாகக் கையால் வெட்டி, சிலவற்றை எறிந்துவிட்டு, எஞ்சியதை ஒட்டினார். சுருதி மாறவில்லை, நேரம் குறைந்தது. இருமடங்கு வேகத்திலும் சொற்கள் பெரும்பாலும் புரிந்தன. ஆனால் ஒரு முழு நூலை இப்படிக் கத்தரித்து ஒட்ட ஆயுள் போதாது. மறு ஆண்டு இலினாய் பல்கலைக்கழகத்தில் கிராண்ட் ஃபேர்பேங்க்ஸும் துணைவர்களும் அதைச் செய்யும் எந்திரத்தை வெளியிட்டார்கள். சுழலும் உருளையில் பொருத்திய ஒலிமுனைகள் ஓடும் நாடாவிலிருந்து கண்ணிமைக்கும் நேரத்தினும் சிறிய கூறுகளை எடுத்து, இடையில் உள்ளவற்றை விட்டுவிட்டு, வரிசையாகக் கோத்துத் தரும். 1957இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நிமிடத்துக்கு 141 சொல் வேகத்தில் பதிந்த பேச்சை 282 ஆக்கியபோது, கேட்டவர்களின் புரிதல் இயல்பு வேகத்தில் கிடைத்ததில் கிட்டத்தட்ட தொண்ணூறு விழுக்காடு இருந்தது. அதற்கு மேல் வேகம் கூடக்கூடப் புரிதல் விரைவாகச் சரிந்தது.

ஆய்வகத்தில் இருந்த இந்த வித்தையைத் தேவைப்பட்டவர்களிடம் கொண்டுசேர்த்தவர் எமர்சன் ஃபௌல்க். லூயிவில் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர், பார்வையற்றவர். 1962இல் அவரும் சகாக்களும் பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்து, நிமிடத்துக்கு 275 சொல் வரை புரிதல் பெரிதாகக் குன்றவில்லை என்று காட்டினார்கள். பார்வையுள்ளவர் மௌனமாக வாசிக்கும் வேகம் அது. என் வாசிப்பில் இந்தக் கதையின் உச்சம் இந்த இடந்தான். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சமமான நேரத்தில் தன் பாடத்தை முடிக்கலாம் என்பது எண்ணாக முதன்முறை தாளில் இறங்கியிருக்கிறது. 1966இல் ஃபௌல்க் லூயிவிலில் சுருக்கிய பேச்சு பற்றி ஒரு மாநாட்டையே கூட்டினார்.

இதே தேவையிலிருந்து புறப்பட்ட இன்னொருவர் கதை சினிமாவுக்கு ஏற்றது. சான்ஃபோர்ட் கிரீன்பெர்க் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது 1961இல் கண்ணழுத்த நோயால் பார்வை இழந்தார். படிப்பைக் கைவிட்டு ஊரில் முடங்கியவரை நேரில் போய் அழைத்துவந்தது அவருடைய அறைத்தோழர். தினமும் பாடங்களை வாசித்துக் காட்டியதும் அவரே. வாசிக்கத் தொடங்கும்போது 'இருள் உனக்கு வாசிக்கப்போகிறது' என்று தன்னை இருளாகச் சொல்லிக்கொள்வாராம். தோழர் பெயர் ஆர்ட் கார்ஃபங்கல். பால் சைமனோடு சேர்ந்து அவர் பாடிய 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' இந்த நட்பைப் பற்றியது என்று இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. பாட்டை எழுதியது சைமன். நண்பரின் குருட்டுத்தன்மைக்கும் அதற்கும் முடிச்சுப் போடத் தேவையில்லை. கிரீன்பெர்க்கின் வாழ்க்கை அந்தப் பாட்டின் துணையில்லாமலே போதுமான அளவு வியப்பானது. மணிக்கணக்கில் பிறர் வாசிப்பதைக் கேட்டுப் படித்தவர், பின்னாளில் ஒலியைச் சிதைக்காமல் பேச்சை விரைவுபடுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1970களில் அந்தப் பெரிய எந்திரம் சிறு மின்சுற்றாகிக் கேசட் கருவிக்குள் நுழைந்தது. 1993இல் பெல்ஜியத்தின் வெர்ஹெல்ஸ்ட், ரூலாண்ட்ஸ் இருவரும் வெளியிட்ட கணிப்புமுறை, வெட்டிய கூறுகளைத் தையல் தெரியாமல் ஒட்டும் வழியைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தது. 2014இல் மார்கோ ஆர்மென்ட் வெளியிட்ட ஓவர்காஸ்ட் செயலி ஒருபடி மேலே போய், பேசுபவர் விடும் மௌனங்களை மட்டும் தேடிச் சுருக்கியது. அப்படி உங்களுக்கு இதுவரை எத்தனை மணி நேரம் மிச்சமாயிற்று என்று கணக்கும் காட்டியது. 1950களில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தை அடைத்துக்கொண்டிருந்தது இன்று என் கட்டைவிரலுக்கடியில் '1.5' என்ற சின்ன எழுத்தாக இருக்கிறது.

*

வேகம் எல்லாப் பாக்கியையும் தீர்க்காது என்பதற்கும் ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. அமெரிக்க அதிபர் நிக்சன் 1971 பிப்ரவரியில் தன் அலுவலகத்தில் ரகசிய ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தச் சொன்னார். அவருக்குப் பொத்தான்கள் பிடிபடாது என்பதால், அவருடைய அறையில் யாராவது பேசினாலே கருவி தானாக இயங்கத் தொடங்கும்படி அமைத்தார்கள். கேட்பவர் கேட்காமலே வந்து குவிவது என்று மேலே சொன்னேன். இங்கே பேசுபவர் நினைக்காமலே குவிந்தது. 1973 ஜூலையில் நிறுத்தும்வரை சுமார் 3,700 மணி நேரம் சேர்ந்திருந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம், விடுமுறையே இல்லாமல் கேட்டாலும் 462 நாள்.

அதுவும் தெளிவாகக் கேட்குமானால்தான். நாடாவை மிச்சம் பிடிக்க மிக மெதுவாக ஓடவிட்டதில் ஒலி மங்கியது. கோப்பைகளின் சத்தமும் ஒருவர் மேல் ஒருவர் பேசுவதும் வேறு. 1973 செப்டம்பர் இறுதியில் நிக்சனின் செயலர் ரோஸ் மேரி வுட்ஸ் ஒரு வாரக்கடைசியை ஒதுக்கிச் சில உரையாடல்களை எழுத்தில் இறக்க உட்கார்ந்தார். ஒரே ஒரு நாடாவோடு 29 மணி நேரம் மல்லாடினார் என்பது பின்னர் பதிவாயிற்று. 1972 ஜூன் 20 நாடாவில் பதினெட்டரை நிமிடம் அழிந்துபோயிருந்ததும் அதில் தன் கைத்தவறுக்குச் சில நிமிடப் பங்கு இருக்கலாம் என்று அவர் சொன்னதும் தனிக் கதை. நமக்கு வேண்டியது அந்த 29 மணி நேரம். ஃபேர்பேங்க்ஸின் எந்திரத்தை அவர் மேசையில் வைத்திருந்தாலும் பயனில்லை. அங்கே பின்னோக்கி ஓட்டுவதுதான் வேலை. ஒரே முனகலைப் பத்து முறை கேட்பதுதான் வேலை.

நிக்சன் 1974 ஆகஸ்டில் பதவி விலகினார். நாடாக்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயின. ஒவ்வொரு நிமிடத்தையும் ஒருவர் கேட்டு, நாட்டின் பாதுகாப்புச் செய்திகளையும் அந்தரங்கமானவற்றையும் பிரிக்க வேண்டியிருந்தது. வழக்குகள் நடந்தன. வரலாற்றாசிரியர் ஸ்டான்லி கட்லர் 1992இல் தொடுத்த வழக்கு 1996இல் உடன்பாட்டில் முடிந்த பிறகே வெளியீடு வேகம் பிடித்தது. கடைசித் தொகுதி 2013 ஆகஸ்டில் வந்தது. இரண்டரை ஆண்டில் தானாகப் பதிந்ததை மனிதக் காதுகள் கடந்துவர நாற்பது ஆண்டு. அதிலும் சுமார் மூவாயிரம் மணி நேரமே பொதுமக்களுக்குக் கிடைத்தது.

*

திரும்ப என் பேருந்துக்கு வருகிறேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் என் 350 நிமிடத்தில் 525 நிமிடப் பேச்சு அடங்கும். வாரவரவு 400 போக 125 மிச்சம். 20,600 நிமிடத்தை அதனால் வகுத்தால் 165 வாரம், மூன்றாண்டுக்கு மேல். இருமடங்கு வேகத்தில் வார மிச்சம் 300 நிமிடம், 69 வாரத்தில் தீரும். வேகத்தைத் தொடாமல் எட்டு நிகழ்ச்சிகளில் நான்கை நிறுத்திவிட்டால்? வரவு 200, செலவு 350, மிச்சம் 150. பாக்கி 137 வாரத்தில் தீர்கிறது. நான்கு நிகழ்ச்சிகளை விடுவது, ஒன்றரை மடங்கு வேகத்தைவிட அரையாண்டு முன்னதாகவே என்னைக் கடன் தீர்க்க வைக்கிறது. மூன்றை மட்டும் விட்டால் 206 வாரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்காவதை விட மனமில்லாததற்கு அபராதம் 69 வாரம்.

இந்தக் கணக்கை நண்பரிடம் கொண்டுபோனேன். அவருக்குப் பிடித்திருந்தது. பிறகு, அவர் நாவல்களை எந்த வேகத்தில் கேட்கிறார் என்று விசாரித்தேன். திரைவாசிப்பானை நிமிடத்துக்கு நானூறு சொல்லுக்கு மேல் ஓடவிடுபவர் என்பதால் என் ஊகம் வேறாக இருந்தது.

"சுற்றறிக்கை, மின்னஞ்சல், மாணவர்கள் கட்டுரை, இதெல்லாம் எவ்வளவு வேகமாகப் போனாலும் சரி. கதையை வாசிப்பவர் எப்படி வாசித்தாரோ அப்படியே கேட்பேன். அவர் மூச்சு விடுகிற இடம் எனக்கு வேண்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த 64 கேசட்டில் நாலைந்து இன்னும் வைத்திருக்கிறேன். வாசித்த அம்மா இப்போது இல்லை. அவர்களுடைய உண்மையான குரல் எப்படி இருக்கும் என்று தேர்வெல்லாம் முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது" என்றார்.

மறுநாள் நான்கு நிகழ்ச்சிகளின் சந்தாவை நீக்கினேன். பேருந்தில் ஏறியதும் வேகத்தை ஒன்றுக்குக் கொண்டுவந்தேன். மூன்றாண்டாக ஒன்றரையில் கேட்டுப் பழகிய தொகுப்பாளர் திடீரென்று தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவர்போல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். ஏதோ பழுதென்று நினைத்துக் கைபேசியை எடுத்து மறுபடி பார்த்தேன். ஒன்றில்தான் இருந்தது. நான்கு நிறுத்தம் தாண்டிய பிறகுதான், அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் தயங்குகிறார் என்பது கேட்கத் தொடங்கியது.